பழைய பிக்கப்பை நாளாந்த ஓட்டத்துக்குத் திருப்புதல்: மலையக வீதிகளுக்கு நான்கு வழிகள்

இலங்கை மலையகத்தின் கந்தப்பளை, வெலிமடை, பொகவந்தலாவ போன்ற ஊர்களில் மரக்கறித் தோட்டத்து ஓரத்திலோ தோட்டத் தொழிலாளரின் லயத்துக்குப் பின்புறத்திலோ தார்ப்பாய் போர்த்தியபடி நிற்கும் பழைய பிக்கப்புகளை இன்றும் காணலாம். டட்சன் 620, நிசான் 720, டொயோட்டா ஹைலக்ஸின் முதல் தலைமுறைகள், இன்னும் பழையதென்றால் மொரிஸ் மைனர் அல்லது லேண்ட் ரோவர். தகப்பன் காலத்தில் குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி என்பதால் விற்க மனம் வருவதில்லை. பல வருடம் நின்ற வண்டியை மறுபடி வீதியில் இறக்க எங்கே தொடங்குவது என்பதும் விளங்குவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2025 பெப்ரவரியில் அது மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் வரிச்சுமை புதிய வண்டிகளைச் சாதாரண விவசாயிக்கு எட்டாத இடத்தில் வைத்திருப்பதும், இந்தக் கேள்வியைப் பல வீடுகளுக்குள் கொண்டுவந்துவிட்டன.

என்னிடமும் அப்படி ஒரு வண்டி உண்டு. அப்பா வாங்கி ஓட்டிய 1978ஆம் ஆண்டு டட்சன் 620, 1483 சிசி பெற்றோல் எஞ்சினுடன் இன்று நாளாந்தம் என்னோடு வேலைக்கு வருகிறது. அதை அந்த நிலைக்குக் கொண்டுவரும் முன் நான்கு வழிகளை எடைபோட வேண்டியிருந்தது. முதலாவது, வண்டியை முழுவதும் பிரித்து மூல நிலைக்கே புனரமைப்பது. இரண்டாவது, உடலை வைத்துக்கொண்டு எஞ்சினையும் கியர் பொக்ஸையும் பிற்காலத்து டீசலுக்கு மாற்றுவது. மூன்றாவது, ஓடவிட்டபடியே படிப்படியாகத் திருத்துவது. நான்காவது, அதை விற்றுவிட்டு அண்மைக்கால வண்டியொன்றை வாங்குவது. கண்காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கும் வண்டியை மீட்பவர்களை இங்கே நான் கணக்கில் எடுக்கவில்லை. காலையில் உர மூட்டையும் மாலையில் பிள்ளைகளும் ஏறும் வண்டியைப் பற்றியே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

### இறக்கம்

பழைய வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் கேட்பது ஏற்றத்தில் இழுக்குமா என்பதுதான். நான் முதலில் கேட்பது இறக்கத்தில் நிற்குமா என்பதை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது ஏறக்குறைய 1400 மீட்டர் உயரத்தை இழக்கிறோம். வண்டியும் சுமையும் சேர்ந்து 1900 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 80 லீட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயர்களும் எஞ்சினும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் நான்கு பிரேக் ட்ரம்களுக்குள் வெப்பமாக இறங்குகிறது. சக்கரத்தோடு சுழலும் ட்ரம் சூடாகும்போது விரிந்து, அதை உரசி நிறுத்தும் லைனிங்கிலிருந்து விலகிப் போகிறது, லைனிங்கின் பிடிமானமும் குறைகிறது, பெடல் கீழே கீழே போகிறது.

பிரேக் எண்ணெயின் கதை இதைவிட மோசமானது, ஏனெனில் அது வெளியில் தெரிவதில்லை. டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸில் கொதிக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பின் அதற்கு விதிக்கப்பட்ட எல்லை 140 பாகை மட்டுமே. டொட் 4க்கு அந்த எண்கள் 230, 155. வருடத்தின் பாதிக்கு மூடுபனியும் மழையுமாக இருக்கும் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தில், பல வருடம் மாற்றாமல் கிடந்த எண்ணெய் எந்த எல்லையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கொதித்த எண்ணெய் குழாய்க்குள் ஆவிக்குமிழாகிவிட்டால் பெடல் காற்றை மிதிப்பது போல் தரைக்குப் போய்விடும். நானுஓயாவிலிருந்து ராதல்லைக்கு இறங்கும் குறுக்கு வீதியைத் தெரிந்தவர்களுக்கு, அந்த இடத்தில் அது நேர்ந்தால் என்னவாகும் என்பதும் தெரியும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், அது இறக்கத்தைப் பாதுகாப்பாக்குகிறதா என்பதே என் முதல் அளவுகோல்.

### உயரம்

கடல் மட்டத்துக்காகச் சீர்செய்த காபுரேட்டர் நுவரெலியாவில் அதே அளவு பெற்றோலைக் குறைந்த காற்றோடு கலக்கிறது. எஞ்சின் தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழப்பதோடு, புகைப் பரிசோதனையில் காபன் மொனொக்சைட் அளவும் ஏறிவிடுகிறது. டேர்போ இல்லாத பழைய டீசல் இதிலிருந்து தப்பிவிடும் என்று நம்புவதும் தவறு; காற்றுக் குறைந்தாலும் பம்ப் அதே அளவு டீசலைத்தான் தள்ளும் என்பதால் கரும்புகையாக வெளியேறும். தண்ணீரும் இங்கே சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து அழுத்தம் தாங்காமல் போன வண்டி கொழும்பில் சமாளித்தாலும் இறம்பொடை ஏற்றத்தில் கொதித்து நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். சிறிய விலைக்கு வாங்கும் அந்த மூடி ஒரு சிலிண்டர் ஹெட்டைக் காப்பாற்றும்.

### துரு

நமக்குக் கடலோரத்து உப்பு இல்லை. ஆனால் வண்டியின் அடிச்சட்டமான செசியின் பெட்டி வடிவ இரும்புக்குள் புகுந்து காயாமலே இருக்கும் சிவப்புச் சேறு உண்டு; அதைவிடக் கொடியது உர மூட்டை. ஒழுகிய உரத்தின் உப்புகள் ஈரத்தோடு சேர்ந்து பின் தட்டையும் அதன் கீழுள்ள செசிக் கம்பங்களையும் உள்ளிருந்து தின்றுவிடுகின்றன. மேலே புது பெயின்ட் மினுங்கும் பிக்கப்பின் பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசைக்குப் பதிலாக மொத்தென்ற ஓசை வந்தால் அங்கே இரும்பு மிஞ்சவில்லை.

### மற்றவை

உதிரிப்பாகமும், அதைப் பூட்டத் தெரிந்த பாஸும் (திருத்தும் கைவினைஞர்) கிடைக்குமா என்பது அடுத்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்காத பாகம் குறைவு. ஆனால் ஹட்டனிலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போகும், தவறான பாகத்தோடு திரும்பினால் இரண்டு நாள். பத்திரங்கள் இன்னொன்று. பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ளவையோடு ஒத்துப்போகின்றனவா, வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் நிலுவையில் இருக்கிறது, பதிவு இன்னும் இறந்த தகப்பனின் பெயரிலேயே இருக்கிறதா என்பவற்றை ஒரு சதமும் செலவழிக்கும் முன் பார்க்க வேண்டும். கடைசியாக, வண்டி கராஜில் நிற்கும் நாட்களை உங்கள் வருமானம் தாங்குமா என்ற கேள்வி. இதைப் பணமாக எழுதிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

## முதலாவது வழி: முழுமையான புனரமைப்பு

உடலைச் செசியிலிருந்து கழற்றி, செசியை மணல் வீசித் துருநீக்கி, வெல்டிங் செய்து, எஞ்சின் சிலிண்டர்களைக் கடைந்து (போர் அடித்து), வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்து, பெயின்ட் அடித்துப் பூட்டுவது. துரு விடயத்தில் இதற்கு நிகரான வழி வேறில்லை. செசியின் உட்பக்கத்தைப் பார்க்கவும் மெழுகு எண்ணெய் பாய்ச்சவும் இதில்தான் முடியும்.

இதன் மறைமுகச் செலவு காலம். ஆறு மாதம் என்று தொடங்கிய வேலை மூன்றாவது மழைக்காலத்திலும் முடியாமல் கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிரித்த நாளன்று எல்லாம் ஞாபகத்தில் இருக்கும். ஒரு வருடம் கழித்து டிங்கர் பாஸும் மாறி, ஆணிகளும் கிளிப்புகளும் சாக்கில் கலந்து, கதவுக் கண்ணாடியின் ரப்பருக்காகவும் பின் விளக்கின் கண்ணாடிக்காகவும் ஊர் ஊராக அலைய நேரிடும். பிரிக்கும்போதே ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து, தனித்தனிப் பையில் பெயரெழுதி வீட்டிலேயே வைத்துக்கொள்வதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

பெயின்டுக்குரிய காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈரக்காற்றில் அடித்த பெயின்ட் வெண்மையாகப் பூத்துவிடும். அதன் அடியில் சிக்கிய ஈரம் பின்னர் கொப்புளமாக எழும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரையும், வடகீழ்ப் பருவமழையை நம்பும் பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரையும் பொருத்தமான மாதங்கள்.

இன்னொன்றை அனுபவித்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அத்தனை பணமும் உழைப்பும் கொட்டி மினுக்கிய வண்டியில் உர மூட்டையை ஏற்றக் கை வருவதில்லை. நாளாந்த வண்டியாக்கத் தொடங்கியது, கொட்டகைக்குள் துணி போர்த்திய வண்டியாக முடிகிறது. வேலைக்கு வேறொரு வண்டி இருந்து, செசியும் உண்மையில் உக்கிப்போயிருந்தால் மட்டுமே இந்த வழியை நான் பரிந்துரைப்பேன். செசியை வெட்டி ஒட்டும்போது இலக்கம் பொறித்த பகுதியைத் தொட விடாதீர்கள்; அந்த இலக்கம் போனால் உங்கள் கையில் இருப்பது சட்டத்தின் கண்ணில் வெறும் இரும்பு.

## இரண்டாவது வழி: டீசல் எஞ்சினுக்கு மாற்றுதல்

மலையகத்தில் அதிகம் பேர் தேர்ந்தெடுப்பதும், அதிகம் பேர் வருந்துவதும் இந்த வழியைத்தான். காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. டீசல் குறைந்த சுழற்சியில் அதிகம் இழுக்கும், சுமையோடு ஏறும்போது கியர் மாற்றும் தேவை குறையும், லீட்டருக்கு அதிக தூரம் ஓடும். 2022இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் நின்ற நினைவும் பலரை இந்தப் பக்கம் தள்ளுகிறது. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த டொயோட்டா 2எல், ஐசூசு 4ஜேஏ1, நிசான் டிடி27 போன்றவை இந்த வேலைக்கு அதிகம் பேசப்படும் எஞ்சின்கள்.

எஞ்சினின் விலையைக் கேட்டு முடிவெடுப்பவர்கள் அதைச் சுற்றியுள்ளவற்றைக் கேட்பதில்லை. புதிய மவுண்ட் வெல்டிங் செய்ய வேண்டும், பழைய கியர் பொக்ஸ் பொருந்தாது, புதியதை வைத்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி நீளம் மாற்றிச் சமநிலை பார்க்க வேண்டும், டாங்கிக்கு டீசல் திரும்பும் குழாய் வேண்டும், நுவரெலியாவின் ஜனவரி விடியற்காலையில் ஸ்டார்ட் ஆக ஹீட்டர் பிளக்குகளுக்குத் தடித்த வயரும் பெரிய பற்றரியும் வேண்டும், ரேடியேட்டர் போதாது. பெற்றோல் எஞ்சினுக்காக அமைந்த டிஃபரென்ஷல் (பின் அச்சின் பல்சக்கரத் தொகுதி) விகிதத்தோடு டீசலைப் பூட்டினால், சமவெளியில் எஞ்சின் அலறும், வேகம் வராது. இரும்பு டீசல் கனமானது என்பதால் முன் ஸ்பிரிங்குகள் தாழ்ந்து, ஸ்டீரிங் இறுகி, முன் பிரேக்குக்கு மேலும் வேலை கூடுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றை எல்லோரும் அறிய வேண்டும். வெலிமடையில் என் சித்தப்பா தன் நிசான் 720க்கு டீசல் எஞ்சின் பூட்டினார். பூட்டிய கராஜில், பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் சேர்வோவின் குழாயைப் பழைய பெற்றோல் எஞ்சினில் இருந்தது போலவே காற்று உள்ளிழுக்கும் குழாயில் இணைத்துவிட்டார்கள். பெற்றோல் எஞ்சினில் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடான திரொட்டில் மூடும்போது அந்தக் குழாயில் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம்தான் சேர்வோவுக்குப் பலம் தருகிறது. திரொட்டில் இல்லாத டீசலில் அந்த வெற்றிடமே கிடையாது. அதற்கென ஒரு வெற்றிடப் பம்ப், பெரும்பாலும் ஒல்டர்னேட்டரின் பின்புறத்தில், தனியாக இருக்க வேண்டும். சமதரையில் ஓட்டிப் பார்த்தபோது பெடல் சற்றுக் கடினமாக இருந்ததை அவர் புதிய எஞ்சினின் குணமென்று எண்ணினார். கேரட் மூட்டைகளோடு இறங்கிய முதல் நாள், பெடல் கல்லைப் போல் இறுகி நின்றது. இரண்டு காலாலும் மிதித்து, கடைசியில் மண் திட்டில் உரசித்தான் வண்டியை நிறுத்தினார். உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் பயம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை, என்னையும் விட்டுப் போகவில்லை.

பத்திர வேலையும் இந்த வழியிலேயே அதிகம். எஞ்சின் இலக்கம், எரிபொருள் வகை, கொள்ளளவு ஆகிய மூன்றும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் மாற வேண்டும். அதற்கு எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணங்களை விற்பவரிடம் பணம் கொடுக்கும்போதே வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னர் தருகிறேன் என்ற சொல்லை ஏற்காதீர்கள். பதிவுக்கு ஒவ்வாத எஞ்சினோடு விபத்தில் சிக்கினால் காப்புறுதி கேட்கும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும்.

அப்படியென்றால் இது யாருக்குப் பொருந்தும்? மூல எஞ்சின் உடைந்து மீட்க முடியாமல் போனவருக்கு. நாளுக்கு 60, 70 கிலோமீட்டருக்கு மேல் சுமையோடு ஓடுபவருக்கு. அதே இன வண்டியில் தொழிற்சாலையே டீசலையும் பூட்டி விற்றிருந்தால் அந்த வண்டிக்காரருக்கு. கடைசிக் காரணம் முக்கியமானது. நிசான் 720க்கு எஸ்டி22 டீசலும், எண்பதுகளின் ஹைலக்ஸுக்கு எல், 2எல் டீசல்களும் தொழிற்சாலையிலேயே வந்தவை. அந்த வண்டிகளின் மவுண்ட், கியர் பொக்ஸ், வெற்றிடப் பம்ப், டிஃபரென்ஷல் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டினால் மேலே சொன்ன சிக்கல்களில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். என் 620க்கு அப்படி ஒரு முழுத் தொகுதி எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே நான் இந்த வழியில் போகவில்லை.

## மூன்றாவது வழி: ஓடவிட்டபடியே படிப்படியாக

செசி உறுதியாக இருந்து, எஞ்சினின் நான்கு சிலிண்டர்களிலும் கொம்ப்ரஷன் (உள்ளே காற்றை அமுக்கும் அழுத்தம்) ஓரளவு சமமாக இருந்தால், மலையகத்தில் பெரும்பாலானோருக்கு இதுவே சரியான வழி என்பது என் தீர்ப்பு. நான் எடுத்ததும் இதைத்தான். வண்டி ஒரு தடவைக்கு நான்கைந்து நாட்களுக்கு மேல் நிற்பதில்லை. பணம் வரும்போது வேலை நடக்கிறது. வண்டி ஓடுவதால் அடுத்து எது பழுதாகிறது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கிறது.

ஒழுங்குதான் இதன் உயிர். எனது வண்டியில் முதல் கட்டம் முழுவதும் பிரேக்குக்கே போனது. மாஸ்டர் சிலிண்டரும் சக்கர சிலிண்டர்களும் புதியவை, இரும்புக் குழாய்கள் செம்பு நிக்கல் குழாய்களாக மாறின, ரப்பர் குழாய்கள் புதியவை, ட்ரம்கள் லேத்தில் வட்டம் பார்க்கப்பட்டு அவற்றுக்குப் பொருந்த லைனிங் ஒட்டப்பட்டது, டொட் 4 எண்ணெய் நிரப்பப்பட்டது. ஒவ்வொரு வருடமும் பருவமழை முடிந்ததும் அந்த எண்ணெயை மாற்றுகிறேன். பிரேக் ரப்பரைக் கழுவ மண்ணெண்ணெயோ எஞ்சின் ஓயிலோ பாவிக்க யாரையும் விடாதீர்கள். அது ரப்பரை ஊதவைத்து, இரண்டு வாரத்தில் சக்கரத்தை இறுகப் பிடிக்கச் செய்யும். பொருந்தும் முன் டிஸ்க் பிரேக் கிடைத்தால் மாற்றுவது நல்லதே, ஆனால் அதற்குரிய மாஸ்டர் சிலிண்டரோடு சேர்த்து மாற்ற வேண்டும்.

அதே கட்டத்தில் டயரும் வரும். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் உற்பத்தியான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. மேற்பரப்பில் பூ (பள்ள வரிகள்) தேயாமல் இருந்தாலும், பத்து வருடம் கடந்த டயரில் மழை வீதியில் இறங்குவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

இரண்டாம் கட்டம் குளிரூட்டல். பித்தளை ரேடியேட்டரைப் பிரித்து உட்குழாய்களைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து ஈயம் பற்றவைக்கும் கைத்தொழில் இன்னும் நம்மூரில் உயிரோடு இருக்கிறது. அது இருக்கும்வரை பழைய வண்டிக்காரர் பாக்கியசாலி. மூடி, தேர்மோஸ்டாட், குழாய்கள், விசிறி பெல்ட் ஆகியவற்றையும் ஒரேயடியாக மாற்றினேன். தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் எஞ்சின் சூடாகாது என்ற அறிவுரையைப் பல இடங்களில் கேட்பீர்கள். குளிர் ஊரில் அப்படிச் செய்தால் எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வரவே வராது. பெற்றோல் கூடுதலாக எரிந்து, சிலிண்டர் சுவர்களிலிருந்து ஓயிலைக் கழுவி, தேய்மானத்தைக் கூட்டும்.

மூன்றாம் கட்டத்தில் காபுரேட்டரில் பெற்றோல் செல்லும் துளையான பிரதான ஜெட்டை ஓரளவு சிறியதாக மாற்றி நுவரெலியா உயரத்திலேயே சீர்செய்தோம். புகைப் பரிசோதனையில் முதல் முறையிலேயே தேறியது. ஆனால் அதே ஜெட்டோடு கொழும்பு வரை வேகமாக ஓட்டினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும் என்பதால், கீழே அடிக்கடி போகிறவர்கள் இடைப்பட்ட அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். வயரிங்கில் ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டதும், வைப்பர் மோட்டரைத் திருத்தியதும், முன்கண்ணாடியில் படியும் பனியை நீக்க ஹீட்டரின் குழாய்களைச் சரிசெய்ததும் சிறிய வேலைகள். மூடுபனிக்குள் ஓட்டும்போதுதான் அவற்றின் பெறுமதி தெரிகிறது.

இந்த வழியின் குறை, ஒரே வேலைக்கு இருமுறை கூலி கொடுக்க நேர்வது. கிளட்ச் மாற்றக் கியர் பொக்ஸை இறக்கிய அன்றே பின் ஓயில் சீலையும் மாற்றாமல், நாலு மாதம் கழித்து அதற்காக மறுபடி இறக்கினேன். இன்னொரு குறை, வெளித்தோற்றம் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஊரார் பேச்சைத் தாங்க முடியாதவர்கள் பிரேக்குக்கு வைத்திருந்த பணத்தைப் பெயின்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் இந்த வழி பிசகுகிறது. சுமை கூட ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் பட்டை சேர்ப்பதும் அதே வகைப் பிசகு. பட்டை சுமையைத் தாங்கும், பிரேக் தாங்காது.

## நான்காவது வழி: விற்றுவிட்டு வேறு வண்டி

வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அடுப்பில் தெரிகிற குடும்பங்களுக்கு இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. விடியற்காலை மூன்று மணிக்குத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் நிற்க வேண்டியவருக்கு நாற்பது வயது வண்டி ஏற்றதல்ல. பாவித்த ஜப்பானிய சிங்கிள் கெப் (ஒற்றை வரிசை இருக்கை பிக்கப்) ஒன்று, ஒரு குழாய் போனாலும் மறுபாதி பிடிக்கும் இரட்டைச் சுற்றுப் பிரேக்கும் முன் டிஸ்க்கும் பவர் ஸ்டீரிங்கும் தரும். அதற்கு மேல் இருப்பது லீசிங் எனும் தவணைக் கடன். பழைய வண்டிக்குப் பெரும்பாலும் லீசிங் கிடைப்பதில்லை, புதியதற்குக் கிடைக்கிறது, ஆனால் மரக்கறி விலை விழுந்த மாதத்திலும் தவணை விழாது. பிற்காலத்து கொமன் ரெயில் டீசல்களின் இன்ஜெக்டர் அழுக்கு டீசலைப் பொறுக்காது. கிராமத்துப் பாஸால் அதைத் திருத்தவும் முடியாது.

டிமோ பட்டா என்று நாம் அழைக்கும் சிறு லொறி விலையில் எட்டக்கூடியது. அதன் முதல் வகைகளில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைவலு டீசல். ஊருக்குள் ஓட அது போதும். முழுச் சுமையோடு இறம்பொடை ஏற நினைப்பவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முழுப் புனரமைப்பு | டீசல் மாற்றம் | படிப்படியாக | வேறு வண்டி |
|---|---|---|---|---|
| இறக்கத்தில் பாதுகாப்பு | நல்லது, மூல அமைப்பின் எல்லைக்குள் | வெற்றிடப் பம்பும் முன் பிரேக்கும் சரியானால் மட்டும் | முதல் கட்டமே பிரேக் என்றால் நல்லது | மிக நல்லது |
| உயரத்தில் இழுவை | ஜெட் மாற்றினால் போதுமானது | சிறந்தது | ஜெட் மாற்றினால் போதுமானது | எஞ்சினைப் பொறுத்தது |
| துரு | முற்றாகத் தீரும் | தீராது | பகுதி பகுதியாக | குறைவு |
| வண்டி நிற்கும் காலம் | ஒரு வருடம், அதற்கு மேலும் | மாதங்கள் | தடவைக்குச் சில நாட்கள் | இல்லை |
| பத்திர வேலை | குறைவு | மிக அதிகம் | குறைவு | பெயர் மாற்றம் மட்டும் |
| எதிர்பாராத செலவு | தொலைந்த, கிடைக்காத பாகங்கள் | கியர் பொக்ஸ் முதல் ரேடியேட்டர் வரை | இருமுறைக் கூலி | வட்டி, இன்ஜெக்டர் |

## வண்டியின் இனம் தீர்ப்பை மாற்றுமிடங்கள்

மொரிஸ் மைனர் பிக்கப் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் பிரேக் ஒற்றைச் சுற்று. எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரங்களும் ஒன்றாகப் போகும். மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே செசிக்குள் இருப்பதால் சேறும் தண்ணீரும் அதைத்தான் முதலில் தேடிப் போகும். இரட்டைச் சுற்றுக்கு மாற்றாமல் அதை நாளாந்தம் மலை இறக்குவதை நான் ஒப்ப மாட்டேன். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுபோனதால், ஹெட்டைத் திறக்கும்போது கடினமான வால்வு இருக்கைகளைப் பொருத்திக்கொள்வதும் அவசியம். 2286 சிசி பெற்றோல் லேண்ட் ரோவருக்கும் இது பொருந்தும்.

தோட்டத்துத் துரைமாரின் காலத்திலிருந்து இந்த மலைகளில் ஓடும் லேண்ட் ரோவரின் வெளித்தகடு அலுமினியக் கலவை. அது துருப்பிடிக்காது என்பதால் வண்டியே உக்காது என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. செசியும் முன் தடுப்புச் சுவரும் இரும்புதான், அலுமினியமும் இரும்பும் தொடும் இடங்களில் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். முழுப் புனரமைப்பு நியாயமாகும் ஒரே நாளாந்த வண்டியும் இதுவே, ஏனெனில் ஆணிகளைக் கழற்றினால் உடல் துண்டு துண்டாகப் பிரிந்து வரும், பாகங்களும் வெளிநாட்டில் இன்றும் செய்யப்படுகின்றன.

எழுபதுகள், எண்பதுகளின் ஜப்பானிய பிக்கப்புகளுக்கு மூன்றாவது வழியே முதலில் நினைவுக்கு வர வேண்டியது.

## முதல் இறக்கம்

எந்த வழியில் வண்டி தயாரானாலும், முழுச் சுமையோடு முதல் பயணம் போகாதீர்கள். பாதிச் சுமையோடு, மழையில்லாத காலை வேளையில், பின்னால் இன்னொரு வண்டி வர, தெரிந்த இறக்கமொன்றில் இறங்குங்கள். எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறியிருப்பீர்களோ அதே கியரில் எஞ்சினைப் பிடிக்கவிட்டு, பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல் விட்டு விட்டு மிதியுங்கள். நாலைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை அகலமான இடத்தில் ஒதுக்கி, சக்கரத்துக்கு அடையாகக் கல் வைத்து, ஒவ்வொரு ட்ரம்முக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். தொட வேண்டாம், அருகில் போனாலே தெரியும். முன் இரண்டும் ஒரே அளவு சூடாகவும் பின் இரண்டும் ஒரே அளவு சூடாகவும் இருக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் குளிர்ந்திருந்தால் அதன் சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெடலை மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். அது மெல்லக் கீழே இறங்கினால் அங்கேயே நிறுத்தி, பின்னால் வந்த வண்டியில் வீட்டுக்குப் போய், பாஸை அந்த இடத்துக்கு அழைத்து வாருங்கள்.